வாக்காளர் பட்டியலில் என் மனைவி

பன்னை டீயில் நனைத்து வாயில் வைக்கப் போகும்போது வேலு ஓடிவந்தான். வேலு என் சைக்கிள் கடை மெக்கானிக். எனக்கு ஏழெட்டு வயது இளையவன். நல்ல செய்தியை மெதுவாகவும் கெட்ட செய்தியைக் கத்தியும் சொல்கிற சுபாவம் அவனுக்கு.

"அண்ணே, சீக்கிரம் வாங்க! அண்ணிய உள்ள உட மாட்டேன்றாங்க!"

"யாருடா?"

"ஆபீசரு. லிஸ்ட்ல அண்ணி பேரே இல்லியாம். கள்ள ஓட்டுன்னு எதிராளி ஏஜெண்டு கோவிந்தராஜ் ஆட்சேபணை குடுத்துட்டான்."

பன் டீக்குள் விழுந்தது. கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இடம், ஜீவனஹள்ளி கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். நாட்டின் இரண்டாவது பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தது. சட்டசபைக்கு சைக்கிள் சின்னத்தில் சுயேச்சையாக நின்றவன் நான். கள்ள ஓட்டுப் போட வந்தவளென்று நிறுத்தி வைக்கப்பட்டவள் என் மனைவி.

நான் தோற்ற தேர்தலைப் பற்றிப் போன வாரம் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு காக்ஸ் டவுன் வாசகி ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். "தோற்றதை இத்தனை விஸ்தாரமாக எழுதுகிறீர்களே, ஜெயித்த கதை எப்போது வரும்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, அதைத் தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஜெயித்த கதையில் நான் அவ்வளவு கெட்டிக்காரனாகத் தெரிய மாட்டேன். தோற்ற கதையில் பரவாயில்லை.

சைக்கிள் கடைக்காரன்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் அப்பா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வந்து, வெள்ளைக்காரப் பட்டாளத்தின் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, அடி வாங்கியது எல்லாம் ஜீவனஹள்ளியில். சுதந்திரம் வந்த வருஷம் நான் வாடகை சைக்கிள் கடை வைத்தேன். கொடியேற்றிய அன்று என் ஆறு சைக்கிளையும் காகிதத் தோரணம் கட்டி இலவசமாக விட்டேன். நாலுதான் திரும்பி வந்தன.

சிட்டியையும் கண்டோன்மெண்டையும் ஒரே கார்ப்பரேஷனாக்கிய புதிதில் எங்கள் தெருக்களுக்குக் குழாய் கேட்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்தேன். அலைகிறவனுக்கு சைக்கிள் சொந்தமாக இருந்தது சௌகரியமாகப் போயிற்று. மூன்று தெருவுக்கு ஒரு குழாய் வந்தது. அதில் தண்ணீர் வர இன்னும் ஒரு வருஷமாயிற்று. அதற்குள் ஜனங்கள் என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

சின்னம் ஒதுக்கியபோது எனக்கு சைக்கிள் கிடைத்தது தற்செயல்தான். எதிராளி நம்பவில்லை. "கடைக்கு விளம்பரம் பண்றதுக்காக எலெக்‌ஷன்ல நிக்கறான்" என்று மேடை போட்டுப் பேசினார். எதிராளி ஒரு காண்டிராக்டர், அவருக்குப் படகுச் சின்னம். பெங்களூரில் படகை எங்கே விடுவது என்று நானும் பதிலுக்குப் பேசினேன். அந்தக் காலத்துத் தேர்தல் பேச்சு அவ்வளவுதான்.

பெயரில்லாத பெண்கள்

முதல் தேர்தலில் நான் தோற்றதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமாயிற்று. வாக்காளர் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து புரட்டினேன். எங்கள் பகுதிப் பெண்கள் பாதிப்பேருக்கு அதில் பெயரே இல்லை. 'முனிசாமி மனைவி', 'ஏழுமலை தாயார்', 'கன்னியப்பன் மகள்' என்று எழுதியிருந்தது. சொந்தப் பெயரில்லாத வரிகளை எல்லாம் கடைசி நேரத்தில் அடித்துவிட்டார்கள். ஓட்டுப் போட வந்த பெண்கள் வரிசையில் நின்று, இல்லை என்று கேட்டு, வீட்டுக்குப் போய் சோறாக்கியிருக்கிறார்கள். ஒருத்தியும் சண்டை போடவில்லை.

எனக்கு வந்ததே கோபம். பெண்களுக்குப் பெயர் வாங்கித் தராமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். அதற்குள் நான் கார்ப்பரேஷன் கவுன்சிலராகியிருந்தேன். பட்டியலைத் திருத்த குமாஸ்தா வந்தபோது அவரோடு வீடு வீடாக நானும் போனேன்.

ஆண்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். "பேரு எதுக்கு தலைவரே, எங்க வீட்டு ஜனம்னு எழுதிக்கோ" என்றான் ஒருவன். இன்னொருவன் தன் மாமியார் பெயரைச் சொல்லிவிட்டுத் திருத்தினான். கட்டைவண்டி ஓட்டுகிற முனிசாமி தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "அவளுக்குப் பேரு இருந்துச்சுண்ணா" என்றான். நான் பிடித்துக்கொண்டேன். "கட்டின பொண்டாட்டி பேரு தெரியாம இன்னாய்யா குடும்பம் நடத்தறே?" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவன் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தான்.

கூட்டங்களிலும் இதையே பேசினேன். "தாய்மார்களே, ஆபீசர் கேட்டால் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேண்டாம், செல்லப் பெயர் வேண்டாம். உங்கள் அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லுங்கள்!" கைதட்டல் விழும். கூட்டத்தின் ஓரத்தில் என் மனைவி தலையில் முந்தானையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கைதட்டியதாக ஞாபகமில்லை.

ஊரெல்லாம் முனிசாமி

பெயர் பட்டியலில் ஏறியது. அடுத்த தொல்லை வாக்குச்சாவடியில் காத்திருந்தது. ஆபீசர் பெண்ணின் பெயரைக் கேட்ட பிறகு, ஆளைச் சரிபார்க்கப் புருஷன் பெயரையும் கேட்பார். எங்கள் பெண்கள் அதை மட்டும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. தாலியையே அடகு வைத்தாலும் வைப்பார்கள், புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

வழக்கமாக இதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்தில் நிற்கிற பெண்ணைச் சொல்லச் சொல்வார்கள். ஆனால் எங்கள் பகுதியில் முனீஸ்வரன் கோவில்கள் அதிகம். பெயருக்கும் அவரே படியளந்துவிட்டார். தெருவுக்கு நாலு முனிசாமி. முன்னால் நிற்பவளின் புருஷனும் முனிசாமி, பின்னால் நிற்பவளின் புருஷனும் முனிசாமி. யார் யாருக்குச் சொல்வது? சொல்ல மறந்துவிட்டேனே, என் பெயரும் முனிசாமிதான். "போடுங்கம்மா ஓட்டு" என்று ஊர்வலம் போனால் பெண்கள் பக்கத்திலிருந்து "சைக்கிளுக்கே" என்று மட்டும்தான் சத்தம் வரும்.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் கண்டுபிடித்தது ஆரோக்கியம்மா.

ஆரோக்கியம்மா காக்ஸ் டவுன் சர்ச்சுக்குப் பின்னால் குடியிருந்தவள். எங்கள் வட்டாரத்தில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஊதுபத்தி உருட்டுவார்கள். அவர்களுக்கு மூங்கில் குச்சியும் பிசைந்த மாவும் கொண்டுபோய்க் கொடுத்து, உருட்டிய பத்தியை வாங்கி வருவது அவள் வேலை. தினம் நாற்பது வாசல் ஏறி இறங்குவாள். எந்த வீட்டில் யார், யாருக்கு யார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் வந்து போய் வெகுநேரம் கழித்தும் சந்தன வாசனை தெருவில் நிற்கும்.

"இன்னாத்துக்கு பேஜார் படறே தலைவரே? என்னை உன் ஏஜெண்டா உள்ள குந்த வை. அவளுங்க புருஷன் பேரை எல்லாம் நான் சொல்றேன்."

"உனக்குக் கூச்சமில்லையா?"

"எவ புருஷன் பேரோ, எனக்கின்னா கூச்சம்? என் புருஷன் பேரு சூசை. அதையே தினம் பத்து வாட்டி சொல்லித் திட்டறேன். அவன் நல்லா குண்டாத்தானே கீறான்?"

பெண்களை ஏஜெண்டாக உட்கார வைப்பது அப்போது அபூர்வம். சட்டத்தில் தடையில்லை. பாரத்தில் கைநாட்டு வாங்கி ஆரோக்கியம்மாவைப் பெண்கள் வரிசைக்குப் போட்டேன். காலையிலிருந்து வேலை மளமளவென்று நடந்தது. ஆபீசர் கேட்பார், வந்த பெண் ஆரோக்கியம்மாவைப் பார்ப்பாள், ஆரோக்கியம்மா உரக்க "முனிசாமி!" என்பாள். ஒருமணி நேரத்தில் ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

ஆகவே, நான் நிம்மதியாகப் பன் தின்ன உட்கார்ந்தேன்.

உள்ளே

வேட்பாளர் சாவடிக்குள் போகலாம். போனேன். வாசலிலிருந்து பெண்கள் வரிசை பள்ளிக்கூடச் சுவர் முழுக்க வளைந்து, திரும்பி, கிணற்றடி வரைக்கும் நின்றது. மில்லில் காலை ஷிப்ட் முடித்து வந்தவர்கள், பங்களா வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், எல்லாரும் எங்கள் ஜனம். என் ஓட்டு முழுக்க அந்த வரிசையில்தான் இருந்தது. வரிசை நகரவில்லை. எல்லாரும் எட்டி எட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் இரண்டு பெண்கள் பாத்திரம் கழுவவேண்டும் என்று சொல்லி ஏற்கெனவே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போன தேர்தலிலும் இப்படித்தான். முதலில் இரண்டு பேர் போனார்கள், பிறகு எல்லாரும் போனார்கள். தலைவர் பெண்டாட்டிக்கே ஓட்டில்லை என்றால் மற்றவள் எதற்கு நிற்பாள்?

உள்ளே மேஜைக்கு முன்னால் அவள் நின்றாள். நீலப் புடவை, புதிதாக வைத்த பொட்டு. என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீசர் சிட்டியிலிருந்து வந்த ஒரு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். ஜரிகைத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி. நல்ல மனிதர். தமிழ் நன்றாகவே பேசினார், நடுவில் கன்னடம் வந்து உட்காரும்.

"பன்னி, வாங்க முனிசாமி. இவங்க ஒங்க மனைவி, சரியா?"

"ஆமாங்க."

"இவங்க ஹெசரு என்ன? பேரு?"

"பாப்பம்மா" என்றேன். இதைக் கேட்கவா என்னைக் கூப்பிட்டார்கள் என்று கூட நினைத்தேன்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு. ஆனா இவங்க வேற ஹெசரு சொல்றாங்களே."

நான் அவளைப் பார்த்தேன்.

"என் பேரு தனலட்சுமி" என்றாள் அவள், ஆபீசரிடம்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எங்கேயோ, வெகு தூரத்திலிருந்து, கல்யாணத்தன்று பூசாரி சொன்ன பெயர் ஞாபகத்துக்கு வந்தது. தனலட்சுமிதான். என் அம்மா பெயர் லட்சுமியம்மா. மருமகளை அதே பெயர் சொல்லி அதட்டினால் மாமியாரை அதட்டியதாகிவிடும் என்பதால், எங்கள் வீட்டுக்குள் அடியெடுத்து வைத்த அன்றே பெரியவர்கள் கூடி அவளுக்குப் பாப்பம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஜனத்தில் இது சகஜம். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. பாப்பம்மா அப்படியே தங்கிவிட்டது. பட்டியல் எழுத வந்த குமாஸ்தா எங்கள் வாசலுக்கு வந்தபோது, கவுன்சிலர் வீடு என்று மரியாதைக்கு டீ குடித்துக்கொண்டே கேட்டார். நான் யோசிக்காமல் சொன்னேன். அவள் குழாயடிக்குப் போயிருந்தாள்.

காண்டிராக்டரின் ஏஜெண்டு கோவிந்தராஜ் எழுந்து நின்றான். என் கடையில் சைக்கிள் எடுக்கிறவன்தான். எங்கள் வீட்டில் அவள் கையால் சாப்பிட்டும் இருக்கிறான். "மன்னிச்சுக்கோங்க அண்ணி, ரூல் ரூல்தான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஆபீசர் பக்கம் திரும்பினான். "சார், கேண்டிடேட்டுக்கே தன் சம்சாரம் பேரு தெரியல. அப்புறம் நாம எப்படி சார் நம்பறது?"

வரிசையில் சிரிப்பு கிளம்பிற்று. வாசலில் ஆரம்பித்து கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "எனக்கு மட்டும் தெரிலன்னு அன்னிக்கு சத்தம் போட்டாரு" என்று ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வண்டிக்கார முனிசாமிதான், வேறு யார்?

ஆபீசர் தணிந்த குரலில் அவளிடம் சொன்னார். "நோடம்மா, பாருங்க, சிம்பிள். பாப்பம்மான்னு ஒரு தடவை சொல்லிடுங்க. லிஸ்ட்டுக்குச் சரியாப் போகும். ஓட்டு ஹாக்கிட்டு, போட்டுட்டு, போயிடலாம்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவளருகே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "பாப்பம்மான்னு சொல்லிடேன். வெளில எல்லாரும் பாக்கறாங்க. ஜனம் வீட்டுக்குப் போவுது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"மீட்டிங் மீட்டிங்கா நீங்கதானே சொன்னீங்க? அப்பா அம்மா வெச்ச பேரைச் சொல்லணும்னு?"

"அது எல்லாருக்கும் சொன்னது."

"ஆமா. ஊர்ல எல்லார் வூட்லயும் போய்க் கேட்டீங்க. என்னைத்தான் கேக்கல."

பிறகு ஆபீசரிடம் திரும்பினாள். "சாமி, அவங்க வூட்ல வெச்ச பேரு வூட்ல இருக்கட்டும். எனக்கு எங்கப்பா தனலட்சுமின்னு வெச்சாரு. இந்த ஒரு எடத்துலயாவது அதைச் சொல்லிட்டுப் போறேன். ஓட்டு இல்லன்னா இல்ல. போய்டறேன்."

என் தேர்தல் அந்த மேஜை மேல் கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கவோ தள்ளிவிடவோ அவளால் மட்டும்தான் முடியும். அவள் தள்ளிவிடத் தயாராக நின்றாள். அவள் மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது என்று எழுதுவதில் வெட்கமில்லை. அடுத்த விநாடியே, அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

வாய் திறந்தது ஆரோக்கியம்மா. பெஞ்சிலிருந்து எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இன்னா சார் கலாட்டா இது? இது தனலட்சுமிதான். பத்தி உருட்டற ஜனம் எல்லாரையும் கேளுங்க. கொழாயடில நாங்க தனம், தனம்னுதான் கூப்புடறோம். இந்த ஆளுக்குத் தெரிலன்னா அது இந்த ஆளு தப்பு. அதுக்கு இவ ஓட்டை ஏன் புடுங்கறீங்க?"

"ஆமா சாமி, தனம்தான்" என்றாள் பின்னால் நின்றவள். "எங்க தனக்கா" என்றாள் அதற்கும் பின்னால் நின்றவள். வரிசை நெடுக அந்தப் பெயர் போயிற்று. கிணற்றடியிலிருந்து கிளம்பிய இரண்டு பேரும் என்ன விஷயம் என்று திரும்பி வந்து நின்றுகொண்டார்கள். எத்தனை வருஷமாக இத்தனை பேர் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! நான் குழாய் வாங்கிக் கொடுத்தேன். குழாயடியில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேர்தல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆள் யாரென்று சந்தேகமில்லாதபோது பட்டியலில் உள்ள எழுத்துப் பிழையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று அதில் இருந்ததாம். "கோவிந்தராஜ், இவங்க யாருன்னு ஒங்களுக்கு நிஜமா டவுட்டா?" என்று கேட்டார். கோவிந்தராஜ் அவளைப் பார்த்தான். தின்ற சோறு ஞாபகம் வந்ததோ என்னவோ. "டவுட் இல்ல சார்" என்று உட்கார்ந்துவிட்டான்.

"ஆயித்து, ஆச்சு" என்றார் ஆபீசர். "தனலட்சுமியம்மா, கை நீட்டுங்க."

விரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு அவள் திரை மறைவுக்குள் போனாள். அப்போதெல்லாம் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். உள்ளே அவள் ரொம்ப நேரம் நின்றதாக எனக்குத் தோன்றியது. சைக்கிளா படகா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. கேட்டால், "ரகசியம்னு சட்டம் போட்டுகீறாங்களே" என்பாள்.

பெட்டியிலிருந்து விழுந்தவை

எண்ணிக்கையன்று என் பெட்டிகளைத் திறந்தபோது சீட்டுகளோடு வெற்றிலை, சாமந்திப்பூ, ஒரு துண்டு கற்பூரம் எல்லாம் விழுந்தன. ஓட்டுப் பெட்டியைச் சாமி உண்டியல் மாதிரி பாவித்த பெண்கள் இருந்தார்கள். மடித்த காகிதம் ஒன்றும் விழுந்தது. 'குழாயில் சனிக்கிழமை தண்ணீர் வரவில்லை' என்று யாரோ பிள்ளையை விட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். சட்டசபை உறுப்பினராவதற்கு முன்பே எனக்கு வந்த முதல் மனு அது.

ஜெயித்தேன். வித்தியாசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜீவனஹள்ளிப் பெண்கள் வரிசை அன்று பாதியில் கலைந்திருந்தால், நான் மறுநாள் காலை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

கல் மாளிகை

சட்டசபை கூடுகிற விதான சௌதா கட்டி முடித்த புதிது. முதல் நாள் உள்ளே போனபோது தரையின் வழவழப்பில் செருப்பு வழுக்கி, ஒரு மந்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அரசாங்கத்தோடு என் முதல் சந்திப்பு அது. கன்னடம் எனக்குக் கடைவீதிக் கன்னடம். அதிலேயே முதல் கேள்வி கேட்டேன், சனிக்கிழமைத் தண்ணீரைப் பற்றி. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை நான் பிறகு நூறு தடவை கேட்டிருப்பேன். ஆனால் தண்ணீர் வந்தது. அடுத்து பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்டு, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு மேம்பாலம். மேம்பாலம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

பதவி ஏற்ற மறுவாரம் பட்டியல் திருத்தும் ஆபீசுக்கு நானே போனேன். குமாஸ்தா அலறியடித்து எழுந்தார். "எம்மெல்லே சாப் ஏன் வரணும், ஆளை அனுப்பியிருக்கலாமே" என்றார். பாரத்தை வாங்கி, தவறான பெயர் என்ற இடத்தில் பாப்பம்மா என்றும், சரியான பெயர் என்ற இடத்தில் தனலட்சுமி என்றும் எழுதினேன். தவறு யாருடையது என்று கேட்கும் கட்டம் பாரத்தில் இல்லை, பிழைத்தேன்.

முன்னறை

பாரத்தில் எழுதியது சுலபம். வாயால் கூப்பிடுவது அப்படி இல்லை. பதினைந்து வருஷப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. அவளும் தேர்தலுக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வழக்கம்போல் சமைத்தாள், பத்தி உருட்டினாள், வருகிறவர்களுக்கு டீ கொடுத்தாள். வீட்டில் எல்லாரும் பாப்பம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் எப்படியும் கூப்பிடாமல், "இந்தா" என்றும் தொண்டையைச் செருமியும் ஒரு மாதம் ஓட்டினேன்.

ஒரு காலை நேரம். முன்னறை முழுக்க ஜனம். ரேஷன் கார்டு கேட்டு வந்தவர்கள், வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தவர்கள், மருமகன் குடிக்கிறான் என்று சொல்ல வந்த ஒரு மாமியார். வாசல்படியில் ஆரோக்கியம்மா பத்திக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, பேனாவை மூடிவிட்டு உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"தனலட்சுமி!"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்கவில்லை. அறையில் பேச்சு நின்றுவிட்டது. மறுபடியும் கூப்பிட்டேன். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த பெண்களைப் பார்த்தாள். "இன்னா ஆரோக்கியம், கூப்ட்டியா?" என்றாள்.

"நானில்ல தாயே" என்றாள் ஆரோக்கியம்மா.

"அப்புறம் யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் திரும்பினாள். அத்தனை பேருக்கு நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்பாள், என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். டீ வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"காதுல சரியா வுழல" என்றாள். "இன்னொரு வாட்டி கூப்புடுங்க."

கூப்பிட்டேன்.